அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

தென்சென்னைப் பெரும்பாக்கத்தில் கடைக்கு இடம் பார்க்கிறவர்கள் வாடகை எவ்வளவு என்று கேட்கிறார்கள். அட்வான்ஸ் எத்தனை மாதம், கரண்டுக்குத் தனி மீட்டர் உண்டா, ஷட்டர் யார் போட்டுத் தருவது என்றெல்லாம் கேட்கிறார்கள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எங்கே போய் விழும் என்று கேட்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை. டிபன் கடையோ மாவுக் கடையோ வைப்பதாக இருந்தால் நான் முதலில் கேட்கச் சொல்வது அதைத்தான்.

இந்தப் பேச்சைக் கிளப்பியவர் ஒரு தங்கச்சி. அங்குள்ள அரசு வாரியக் குடியிருப்பில் இருப்பவர். ஊருக்குள் வீட்டு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். பஸ்ஸிலேயே பாதிப் பொழுது கழிகிறது என்று அதை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்திலேயே இட்லி மாவும் காலை டிபனும் விற்கும் சின்னக் கடை ஒன்று போடப் பார்க்கிறார். டீக்கடை பெஞ்சில் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அவர் கேட்டது நியாயமான கேள்வி. "அண்ணா, மொதல்ல நாலு காசு பாக்கலாம். அப்புறமா இந்த பிளாஸ்டிக், தண்ணி, சுற்றுச்சூழல் எல்லாம் பாத்துக்கக் கூடாதா?"

கூடாது என்று நான் சொல்லவில்லை. பிறகு செய்தால் இரண்டு மடங்கு செலவாகும் என்றேன். கடை திறந்த பிறகு தரையில் டைல்ஸ் பதித்திருக்கும். குழாய் அதற்கடியில் புதைந்திருக்கும். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய பழைய ஃபிரிட்ஜ் மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வருகிறவர்கள் கையை வீசிக்கொண்டு வந்து கவரில் வாங்கிப் போகப் பழகியிருப்பார்கள். குழாயைக் கூட உடைத்து மாற்றிவிடலாம், வாடிக்கையாளரின் பழக்கத்தை மாற்றுவதுதான் கடினம். திறப்பதற்கு முன்னால் இதில் எதுவுமே கிடையாது. காகிதத்தில் கோடு போட்டு அழிக்கலாம், காசு செலவில்லை. அதனால்தான் பெரிய மூலதனம் இல்லாதவர்கள் இந்த விஷயங்களை முதலிலேயே யோசிக்க வேண்டும் என்கிறேன். பணக்காரருக்கு உடைத்துக் கட்ட வசதி இருக்கிறது.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

பெரும்பாக்கத்தில் கழிவுநீர் என்பது கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓர் இடத்துக்குப் போவதில்லை. சேலையூர், செம்பாக்கம் என்று தாம்பரம் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் அந்த உபரி நீர் கிழக்கே இறங்கிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில்தான் வந்து சேரும். ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீருக்கு அது தாம்பாளம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய். கால்வாய் வழியாகத் தெற்கே முட்டுக்காடு பக்கம் கடல். பெரும்பாக்கம் ஏரியும் அதை ஒட்டிய ஈரநிலமும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி; நம் கடைத் தண்ணீர் போய் விழுவதும் இதில்தான். 2022-ல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது; சேர்க்கப்பட்ட பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். பூநாரையும் அரிவாள் மூக்கனும் நீலத் தாழைக்கோழியும் வந்து மேய்கிற இடம். இந்த நிலத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, காக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் கேர் எர்த் அறக்கட்டளையின் ஜெயஸ்ரீ வெங்கடேசன். ஈரநிலத்தை அறிந்து பயன்படுத்தும் பணிக்கான ராம்சர் விருது 2025-ல் அவருக்குக் கிடைத்தது. உலகம் கவனிக்கிற ஒரு நிலத்துக்குப் பக்கத்தில்தான் நாம் இட்லிப் பானை கழுவப் போகிறோம்.

"ஒரு கடைத் தண்ணியாலயா ஏரி கெட்டுப்போயிடும்?" என்றார் தங்கச்சி.

ஒரு கடையால் கெடாது. ஆனால் மாவுக் கடைக் கழிவு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது. அரிசியும் உளுந்தும் களைந்த தண்ணீரில் மாவுச்சத்து நிறைய இருக்கும். அது தேங்கினால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகும். பெருகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மீனுக்கும் பூச்சிக்கும் மூச்சுக்கு மிஞ்சாது. விஷம் எதுவும் கலக்காமலேயே, நல்ல அரிசித் தண்ணீராலேயே ஒரு குட்டை நாறிப்போவது இப்படித்தான். அதோடு டிபன் கடையின் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தால் குழாயின் உட்சுவரில் படிந்து இறுகி, மழை நாளில் தெருவுக்கே அடைப்பு. அந்த அடைப்பைத் திறக்க வருகிறவர் யார், அவர் எந்த நிலைமையில் அதற்குள் கைவிட வேண்டியிருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

இதற்கு வழி மூன்று அடுக்காக இருக்கிறது. முதல் அடுக்குக்குச் செலவே இல்லை. அரிசி களைந்த முதல் இரண்டு தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒரு டிரம்மில் பிடித்து வைப்பது. கழுநீருக்கு மாடு வளர்ப்பவர்கள் எப்போதும் வாடிக்கைக்காரர்கள். பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கம் மாடு வைத்திருப்பவர் ஒருவரைக் கடை திறக்கும் முன்பே பார்த்துப் பேசிவிட்டால் தினமும் வந்து எடுத்துப் போய்விடுவார். கருப்பு உளுந்து ஊறவைத்துத் தோல் நீக்குகிறவர்களாக இருந்தால் அந்தத் தோலும் அவருக்கே.

இரண்டாவது அடுக்கு, தட்டும் பாத்திரமும் தண்ணீரைத் தொடும் முன் வழித்துவிடுவது. சட்னி, சாம்பார் மிச்சம் ஈரக்குப்பை வாளிக்கு. தோசைக்கல், வடைச்சட்டியின் எண்ணெயைப் பழைய துணியாலோ காகிதத்தாலோ துடைத்துவிட்டுத்தான் கழுவுமிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதைப் பழக்குவதுதான் சிரமம். பாத்திரம் கழுவ ஆள் வைத்தால் முதல் நாளே இதுதான் இந்தக் கடை வழக்கம் என்று ஆகிவிட வேண்டும்.

மூன்றாவதுதான் கொத்தனார் வேலை. கழுவுமிடத்துக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு சின்னத் தொட்டி. ஹோட்டல்காரர்கள் கிரீஸ் டிராப் என்பார்கள். மூடி போட்டு ரெடிமேடாகவும் கிடைக்கிறது, செங்கல் வைத்தும் கட்டலாம். அதற்குள் நடப்பது எளிமையான விஷயம்: ஓடி வரும் தண்ணீர் அங்கே வேகம் குறைந்து சற்று நிற்கிறது, நிற்கும்போது எண்ணெய் மேலே மிதக்கிறது, சோற்றுப் பருக்கையும் மாவும் அடியில் தங்குகின்றன, நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் வெளியேறுகிறது. இது சரியாக நடக்க வேண்டுமானால் வெளியேறும் குழாயின் வாய் தொட்டிக்குள் கீழ்நோக்கி வளைந்து, மேலே மிதக்கும் பிசுக்குக்கு அடியிலும் கீழே தங்கும் வண்டலுக்கு மேலேயும் இருக்க வேண்டும். பிளம்பர் பழக்க தோஷத்தில் நேர்க்குழாயாக வைத்துவிட்டால் எண்ணெய்தான் முதலில் வெளியே போகும். பக்கத்திலேயே நின்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் அளவை, காலைக் கூட்டம் முடிந்து பாத்திரம் மொத்தமாக விழும் அரை மணி நேரத்தில் வரும் தண்ணீர் தங்கும் அளவுக்கு வைத்தால் போதும். கொதிக்கும் தண்ணீரை அதில் கொட்டினால் உறைந்த பிசுக்கு இளகித் தொட்டியைத் தாண்டி ஓடிவிடும். சோப்பை அள்ளிப் போட்டாலும் அதே கதைதான். வாரம் ஒருமுறை மேலே நிற்பதை வழித்து, மரத்தூளிலோ சாம்பலிலோ கலந்து குப்பைக்குப் போட வேண்டும். வழித்ததைத் திரும்ப அதே சாக்கடையில் கொட்டுகிறவர்களும் உண்டு. அதற்குத் தொட்டியே கட்டாமல் இருந்திருக்கலாம்.

இந்தத் தொட்டிக்கு இடம் இருக்கிறதா, கழிவுக்குழாய் எந்தப் பக்கம் போகிறது, மழைநீர் வடிகாலில் நேராகத் திறந்துவிட்டிருக்கிறார்களா என்பதையெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கொடுத்த பிறகு கேட்டால், "இதுவரைக்கும் இருந்தவங்க யாரும் கேக்கலயே" என்ற பதில்தான் வரும்.

வடை போடுவதாக இருந்தால் எண்ணெய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் என்று ஒரு கூட்டம் சேர்ந்துகொண்டே போகும். அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம். நிறம் கறுத்து, தடித்து, அடுப்பில் வைத்ததும் நுரை கட்டினால் அதன் காலம் முடிந்துவிட்டது என்று கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாம். அந்த எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்கும் நிறுவனங்களோடு உணவகங்களை இணைக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டில் ரூகோ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பதிவு பெற்ற சேகரிப்பாளர்கள் காசு கொடுத்தே எடுத்துக்கொள்கிறார்கள். சின்னக் கடைக்குத் தனியாக வண்டி வராது என்பது உண்மை. தெருவில் நாலு கடை சேர்ந்து ஒரு கேனில் சேர்த்தால் வரும். ஒன்று மட்டும் கூடவே கூடாது: குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று யாரோ கேனில் கொண்டுவரும் எண்ணெயை வாங்குவது. அது பெரும்பாலும் எங்கோ ஒரு பெரிய அடுப்பில் உழைத்து ஓய்ந்த எண்ணெயாக இருக்கும்.

இனி கவர். தங்கச்சிக்கு இதில்தான் பயம். "கவர் இல்லன்னா மாவு யாரு வாங்குவா?"

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பதினான்குக்குத் தடை. எந்தத் தடிமனாக இருந்தாலும் கைப்பைக் கவர், சாப்பாட்டுத் தட்டில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் கிண்ணம், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல் எல்லாம் அதில் உண்டு. இந்திய அளவிலான தடை 2022 ஜூலையில்தான் வந்தது, நாம் முந்திக்கொண்டோம். பலர் கவனிக்காத ஒன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது: உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் டீ கப். காகிதம்தானே என்று நினைக்கிறோம். சூடான டீயைத் தாங்குவது காகிதம் அல்ல, அதன் உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். ஐஐடி கரக்பூர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்ட கப்பில் 100 மில்லி சூடான தண்ணீரை 15 நிமிடம் வைத்திருந்தபோது சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலந்ததாகக் கண்டார்கள். நாங்கள் டீ குடித்தது கண்ணாடி கிளாஸில். அதைக் காட்டித்தான் இதைச் சொன்னேன்.

பெரும்பாக்கம் குடியிருப்பில் ஒரு வசதி இருக்கிறது. அதை யாரும் வசதியாகப் பார்ப்பதில்லை. எட்டு மாடிக் கட்டடங்கள், ஆயிரக்கணக்கான குடும்பங்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடிவைக்கப்பட்டவர்கள். அந்த இடப்பெயர்வில் அவர்கள் இழந்ததைப் பற்றி எவ்வளவோ பேச வேண்டும். ஆனால் கடைக்காரர் கண்ணால் பார்த்தால், நாளைக்கு மாவு வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து நேராகக் கடைக்கு வருகிறார்கள், கடையிலிருந்து நேராக வீட்டுக்குப் போகிறார்கள். பாத்திரம் கொண்டுவருவதற்கு இதைவிடத் தோதான வியாபாரம் கிடையாது. மாலில் கடை வைத்திருக்கிறவர் வாடிக்கையாளரிடம் தூக்கு கொண்டுவரச் சொல்ல முடியாது. இங்கே முடியும். பாலுக்கும் மாவுக்கும் தூக்கு எடுத்துப் போன பழக்கம் நாற்பது வயதைத் தாண்டிய எல்லாருக்கும் நினைவிருக்கும்.

ஆனால் சும்மா "பாத்திரம் கொண்டு வாங்க" என்று போர்டு எழுதி மாட்டினால் நடக்காது. விலையில் இருக்க வேண்டும். மாவுக்கு ஒரு விலை. டப்பாவில் வேண்டுமென்றால் டப்பாவுக்குத் தனி விலை. பாத்திரம் கொண்டுவந்தவருக்குத் தள்ளுபடி என்று சொல்வதைவிட டப்பா வேண்டுகிறவருக்குக் கூடுதல் என்று சொன்னால் மனதில் பதிகிறது என்பது என் எண்ணம். மறந்து வருகிறவர்களுக்காக மூடி போட்ட எவர்சில்வர் டப்பா கொஞ்சம் வாங்கி, எண் பொறித்து, டெபாசிட் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். டப்பாவைத் திருப்பித் தந்தால் காசும் திரும்பும். அதற்கு ஒரு முதலீடு வேண்டும்தான். ஆனால் கவர், ரப்பர் பேண்ட் செலவு மாதாமாதம் போய்க்கொண்டே இருப்பது. டப்பா ஒரே முறை.

இதில் சின்னச் சின்ன நுணுக்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொருவர் பாத்திரமும் ஒரு எடை என்பதால், காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டு வாடிக்கையாளர் கண்முன்னால் மாவு ஊற்ற வேண்டும். தராசுக்கு முத்திரை போட்டு வாங்கிவிடுங்கள்; நம் மாநிலத்தில் அது தொழிலாளர் துறையின் வேலை. கரண்டி அவர் பாத்திரத்தில் படக்கூடாது, மேலிருந்து ஊற்ற வேண்டும். ஒரு வீட்டுப் பாத்திரத்தில் பட்ட கரண்டி மறுபடி பொதுப் பானைக்குள் போனால் மொத்த மாவும் கெடலாம். மாவு பொங்கும் என்பதால் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்காவது காலியாக விடச் சொல்லுங்கள். இட்லியை வாழையிலையில் சுற்றித் தரும்போது நியூஸ் பேப்பர் வேண்டாம். அச்சு மை சாப்பாட்டில் ஏறும், அதற்கும் தடை இருக்கிறது.

சோழிங்கநல்லூர் சாலையில் போகிற ஐடி கம்பெனி ஆட்கள் வேறு ரகம். அவர்கள் கையில் தூக்கு இருக்காது. அவர்களை உட்கார வைத்துச் சாப்பிட வைப்பதுதான் வழி. நாலு ஸ்டூல், எவர்சில்வர் தட்டு, மேலே வாழையிலைத் துண்டு. பார்சல்தான் வேண்டும் என்பவர்களுக்கு மந்தார இலை, பாக்குமட்டைக் கிண்ணம். "மக்கும் பிளாஸ்டிக்" என்று பச்சை எழுத்தில் அச்சடித்த கவர்களைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அதில் நிஜமானவை மக்குவதற்கு 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் நடக்கும் உரத் தொழிற்கூடம் வேண்டும். பெரும்பாக்கம் சாக்கடையில் விழுந்தால் அதுவும் மற்றக் கவர் மாதிரியே கிடக்கும்.

தட்டில் பிளாஸ்டிக் தாள் விரிக்கும் பழக்கம் சென்னைக் கையேந்தி பவன்களில் ஏன் வந்தது என்று பார்த்தால், கழுவத் தண்ணீர் இல்லாததுதான் காரணம். அதைக் குற்றமாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தந்த நான்கு ஏரிகளும் வறண்டபோது சில ஹோட்டல்களில் மதியச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். ஓஎம்ஆர் சாலையின் சில ஐடி கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லின. இந்தப் பக்கம் இன்றும் லாரித் தண்ணீரை நம்பித்தான் பல கடைகள் ஓடுகின்றன. அதனால் எவர்சில்வர் தட்டு வைக்கிறவர் அதைக் கொஞ்சத் தண்ணீரில் கழுவவும் தெரிந்திருக்க வேண்டும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் நிமிடத்துக்கு எட்டு, பத்து லிட்டர் ஓடிவிடும். மூன்று தொட்டி முறை இதற்குச் சரி: வழித்த தட்டை முதல் தொட்டியில் சோப்புத் தண்ணீரில் தேய்ப்பது, இரண்டாவதில் அலசுவது, மூன்றாவதில் சுத்தமான தண்ணீரில் முக்கி எடுப்பது. இரண்டாவது அழுக்கானதும் அதைத் தரை கழுவ எடுத்துக்கொண்டு, மூன்றாவதை இரண்டாவதாக்கி, புதுத் தண்ணீரை மூன்றாவதில் நிரப்பலாம். வாழையிலைத் துண்டு போட்டிருந்தால் தட்டில் ஒட்டுவதே குறைவு.

கரண்டும் கேஸும் பற்றி நீட்ட வேண்டாம். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுமாருக்கு ஓடும். தினம் பதினான்கு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஒரு ஃபேனுக்குப் பத்தொன்பது யூனிட் மிச்சம். கடை மின்சாரம் வீட்டு மின்சாரத்தைவிட விலை கூடியது, இலவச யூனிட்டும் கிடையாது. ஃபிரிட்ஜை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒன்று சூடாக்குவதை இன்னொன்று குளிர்விக்கப் போராடிக்கொண்டிருக்கும். பழைய ஃபிரிட்ஜ் வாங்குவதானால் கதவின் ரப்பரில் ஒரு நோட்டைச் செருகி மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் குளிரும் அந்த வழியாகத்தான் போகிறது. 19 கிலோ சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் தேதியைச் சுவரில் எழுதுங்கள். நாள் குறைகிறது என்றால் பர்னர் அடைத்திருக்கிறது, சுடர் மஞ்சளாக எரிகிறது, அல்லது இட்லிப் பானை மூடி சரியாகப் பொருந்தவில்லை. எழுதாதவருக்கு இது தெரியவே தெரியாது.

மிச்சமாகும் மாவைப் பற்றித் தங்கச்சிக்கு நான் சொல்லித் தர எதுவும் இல்லை. அவரே சொன்னார்: "ஞாயித்துக்கெழம மாவு பறக்கும், செவ்வாக்கெழம தூங்கும். புளிச்சா ஊத்தப்பம், இன்னும் புளிச்சா பணியாரம்." இட்லி மிஞ்சினால் உப்புமா. நம் சமையலறைகள் எந்தக் கருத்தரங்கும் இல்லாமல் கண்டுபிடித்து வைத்தவை இவை. நான் சேர்த்தது ஒன்றே ஒன்று: கிழமைவாரியாக எவ்வளவு அரைத்தோம், எவ்வளவு விற்றது என்று முதல் இரண்டு மாதம் எழுதிவிட்டால் மூன்றாவது மாதம் மிச்சமே பாதியாகக் குறையும்.

குப்பையைப் பிரிப்பது பற்றி அலுத்துக்கொள்கிறவர்களுக்குப் பெருங்குடியைக் காட்டலாம். சதுப்பு நிலத்தின் ஓரத்தில், 225 ஏக்கர் பரப்பில், தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்டது. அதைத் தோண்டி, உலர்த்தி, சலித்து, மண்ணைத் தனியாகவும் பிளாஸ்டிக்கைத் தனியாகவும் பிரித்து, பிளாஸ்டிக்கைச் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பும் பணியை மாநகராட்சி எடுத்திருக்கிறது. திட்ட மதிப்பு சுமார் 350 கோடி ரூபாய். ஒவ்வொரு கடையிலும் வீட்டிலும் இரண்டு வாளி வைத்திருந்தால் செலவே இல்லாமல் நடந்திருக்க வேண்டிய வேலை அது. ஈரம் ஒரு வாளி, உலர்ந்தது ஒரு சாக்கு. உலர்ந்ததில் எண்ணெய் டின், அட்டை, பாட்டிலுக்குப் பழைய பேப்பர் கடையில் காசு உண்டு. ஈரக்குப்பையோடு கலந்து நனைந்தால் அவர் தொடமாட்டார்.

இந்த ஊரில் கடை வைக்கிறவர் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. கிரைண்டருக்கு ஒன்றரை அடி மேடை, பிளக் பாயிண்ட் எல்லாம் இடுப்புக்கு மேல், அரிசி மூட்டைக்குப் பலகை. ஐப்பசி, கார்த்திகையில் சரக்கைக் குறைத்து வாங்குவது. ஒரே வெள்ளத்தில் மோட்டார் எரிந்து, மூட்டை நனைந்து கடை மூடிப்போனால் மற்ற நல்ல பழக்கங்களால் யாருக்கும் பயனில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் சொல்வதில்லை. கடன். தினசரித் தண்டலுக்குப் பணம் வாங்கிக் கடை தொடங்கினால் மாலைக்குள் காசு தேற்றியே ஆக வேண்டும். அந்த நெருக்கடியில் இருப்பவர் எண்ணெயை இன்னொரு நாள் ஓட்டத்தான் செய்வார். எவர்சில்வர் டப்பாவுக்கு முதல் போட மாட்டார். வேலைக்கு வருகிற பெண்ணை உட்கார விடமாட்டார். கடையில் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது, ஸ்டூல் வாங்குவதைச் செலவாக நினைக்க வேண்டியதில்லை. மகளிர் குழுக் கடன், தெருவோர வியாபாரிகளுக்கு 2020-ல் வந்த ஸ்வநிதி போன்ற வங்கிக் கடன்கள் தாமதமாகக் கிடைக்கும், பத்து தடவை அலைய வைக்கும். அலைந்தாலும் அதைத்தான் வாங்க வேண்டும். கடை ஒரு மாதம் தள்ளித் திறந்தாலும் பரவாயில்லை.

நோட்டை மூடப் போன தங்கச்சி கடைசியாகக் கேட்டார்: "பக்கத்துக் கடைக்காரன் கவருல கட்டி, ரெண்டு ரூபா கொறச்சு வித்தா?"

விற்பார். தடை இருந்தும் விற்கிறவர்களைத் தினமும் பார்க்கிறோம், அதிகாரிகள் வந்து போகும் அன்று மட்டும் கவர் காணாமல் போகும். அந்த இரண்டு ரூபாயோடு நீங்கள் போட்டி போட வேண்டாம் என்றேன். மாவு விலையில் கவர் விலையும் ரப்பர் பேண்ட் விலையும் இல்லாததால் உங்களுக்கும் குறைக்க இடம் இருக்கும். அதை அளவில் கொடுங்கள், கிலோவுக்கு ஒரு கரண்டி கூடுதலாக. கண்முன்னால் அரைத்த மாவு, தராசில் தெரியும் எடை, தன் வீட்டுப் பாத்திரம். மாடியிலிருந்து பிள்ளையை அனுப்பி வாங்குகிற அம்மாவுக்கு இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் போதும். சில பேர் அங்கேதான் போவார்கள், போகட்டும். முதல் ஆறு மாதத்துக்கு எத்தனை வீடு உங்களிடம் நிலையாக வாங்கினால் வாடகையும் கரண்டும் கேஸும் கட்டுபடியாகும் என்று அந்த நோட்டில் முதலில் எழுதுங்கள் என்றேன். அவர் பேனாவைத் திறந்து, தன் பிளாக்கில் எத்தனை வீடு என்று எண்ண ஆரம்பித்தார்.